நூற்றேழு டிகிரி

நாலரைக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
முந்நூற்றுப் பத்து மரம்.
கத்தி பட்டதும் வெட்டுக்கோட்டில் வெள்ளை ஓடிச்
சிரட்டையில் சொட்டும்.
ஒட்ட வேண்டும் என்ற எண்ணமே
அப்போது அதற்கு இல்லை.
துகளுக்குத் துகள் எதிர்மின்சுமை போர்த்தி
ஒன்றையொன்று தள்ளி நிற்கிற கூட்டம்.

பார்மிக் அமிலம் ஊற்றினால் போர்வை நழுவும்,
பால் தயிராகும், தயிர் ஷீட்டாகும்.
எறும்பின் கடியில் இருப்பதும் அதே அமிலம்
என்று புத்தகத்தில் படித்தபோது
என் கணுக்கால்கள் சிரித்தன.

பாலாகவே விற்கிற நாளில்
கேனுக்குள் அம்மோனியா.
மூடியைத் திறந்தால் மூக்கு அழும்.
அந்த நெடிக்கும் ஓர் உருவம் இருக்கிறது:
நடுவில் நைட்ரஜன், கைகோத்த மூன்று ஹைட்ரஜன்,
யாரோடும் சேராத ஓர் எலக்ட்ரான் இரட்டை.
பிணைப்புக் கோணம் நூற்றேழு.
ஏன்? மூன்று மார்க்.
'இயற்கை' என்று எழுதிவைத்தேன்.
சிவப்பு மையில் ஒரு பூஜ்யம்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

விடை ஏழேமுக்கால் பஸ்சில் இருந்தது.
குலசேகரத்திலிருந்து மார்த்தாண்டம்,
ஐந்து பேர் உட்காரும் கடைசி சீட்டு.
ஜன்னலோரம் ஒரு ஜோடி,
ஒரே ஒயரின் இரண்டு முனையும் இரண்டு காதில்.
பைக்கு ஓர் இடம், முழங்கைக்கு ஓர் இடம்.
மிச்சத்தில் நான், ஷஜினா, அஜிதகுமாரி.
திருவட்டார் வளைவில்
எலும்போடு எலும்பு நசுங்கியது.
"கொஞ்சம் தள்ளி இரிங்களேன்" என்றாள் ஷஜினா.
அவர்களுக்குக் கேட்கவில்லை.

பிணைப்பில் சேராததற்குத்தான்
இடம் கூடுதலாக வேண்டியிருக்கிறது.
நூற்றொன்பதரை நூற்றேழாய்ச் சுருங்கியதை
விலாவில் உணர்ந்தேன்.
தண்ணீரில் அப்படி இரண்டு ஜோடியாம்.
அந்த பஸ்சில் நான் ஏற மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை
ஷஜினாவின் அக்கா மகன் ஆரோனுக்கு இரண்டு வயது.
பலூன் ஊதுகிற வேலை எனக்கு.
ஊத ஊத நினைத்தேன்,
இது எந்த மரத்துப் பாலோ.
ஐசோப்ரீன், ஐசோப்ரீன், ஐசோப்ரீன் என்று
முடியாத சங்கிலி.
ஒவ்வோர் இரட்டைப் பிணைப்பிலும்
இரண்டு கையும் ஒரே பக்கம்.
அதனால்தான் மடங்கும், சுருளும், இழுத்தால் வரும்.
கைகள் எதிரெதிர்ப் பக்கம் போயிருந்தால்
இறுகிப்போன கட்டிப் பிசின்.
அணு அதே, எண்ணிக்கை அதே.
இடையிடையே கந்தகம் பாலம் போடும்:
அளவோடு போட்டால் பலூன்,
அளவு மீறினால் சீப்பு.

நான்கு பலூனின் கழுத்தை
ஒரே நூலில் இறுக்கினேன்.
தரையில் அமுக்கித் தட்டையாக்கிப் பார்த்தேன்.
கையை எடுத்ததும் எழுந்து
நான்முகியாய் நின்றன.
மீத்தேனைக் கையில் பிடித்துக்கொண்டு
அடுக்களை வரை போய்க் காட்டினேன்.
"கொள்ளாம், அங்க கெட்டு" என்றாள் அக்கா.

ஆரோன் கையில் ஓர் ஈர்க்கில் இருந்தது.
டப்.

மிச்சம் மூன்றும் ஒரு குலுங்கு குலுங்கி
ஒரே தளத்தில் விரிந்தன.
நூற்றிருபது, நூற்றிருபது, நூற்றிருபது.

அண்ணன் பஹ்ரைனுக்குப் போன ராத்திரி
மரச்சீனிக் கிழங்கும் சாளைக்கறியும்.
அவன் இடத்தை
அப்படியே விட்டுவைக்கத்தான் உட்கார்ந்தோம்.
சட்டி நடுவில் இருந்தது.
எப்போது நகர்ந்தோம் என்று
மூன்று பேருக்கும் தெரியாது.

செமஸ்டரில் அதே கேள்வி வந்தது.
தனி இரட்டையைக் கொஞ்சம் பெரிதாகவே வரைந்தேன்,
காதில் ஒயர் மட்டும் வைக்கவில்லை.
மூன்றுக்கு இரண்டரை.
அந்த அரை மார்க்
திருவட்டார் வளைவில் விழுந்திருக்கும்.