சேமநிதி வரியில் ஒரு கோடு

மே பதினைந்து. நள்ளிரவுக்கு இன்னும்
ஒன்றே முக்கால் மணி நேரம்.
சுங்கை டுவா மாமாக் கடையில்
மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தது தப்பு.
இரண்டு இ.ஏ. பாரங்களும் பறக்கப் பார்க்கின்றன.
ஒன்றின் மேல் தே ஓ ஐஸ்,
மற்றதன் மேல் என் முழங்கை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை அனுப்பியது
கணினி அச்சு, புள்ளி பிசகவில்லை.
அதில் நான் லோகேஸ்வரி, சன்னாசியின் மகள்.
கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியாவில்
ஜவுளிக்கடை கொடுத்தது
நீல மை, கையெழுத்து.
அதில் நான் லோகேஸ்வரி, சன்னாசியின் மகன்.
ஏ, ஒரு சாய்கோடு, அப்புறம் எல்.
பாலம் தாண்டினால்
ஆளே மாறிவிடுவேன் போலிருக்கிறது.

மாநிலம்? என்கிறது திரை.
ஒன்றைத்தான் தொடலாம்.

பாடம் நடக்கும் மாதங்களில்
வார இறுதி இரவுகள் இங்கே,
பூதக்கண்ணாடிக்குக் கீழே சில்லுகளின் கால்களை எண்ணிக்கொண்டு.
விடுமுறை நான்கு மாதமும் அங்கே,
பிரித்துக் காட்டிய சேலைகளை
அதே மடிப்பில் திரும்ப மடித்துக்கொண்டு.
அடையாள அட்டை எண்ணின் நடுவில் பூஜ்யம் எட்டு.
அப்படியென்றால் பேராக்காரி.
அங்கே ஒரு வெள்ளிகூடச் சம்பாதித்ததில்லை.
பினாங்கைத் தொட்டேன்.
இப்போது பசிப்பது இங்கேதான்.

நீல மைப் பாரத்துக்காக
மார்ச் மாதம் இரவு பஸ் ஏறிப் போனேன்.
கடை இருந்த இடத்தில்
கைப்பேசி உறை விற்கிறார்கள்.
கேட்டுக் கேட்டு
செந்தூல் வீட்டில் முதலாளியைப் பிடித்தேன்.
"உனக்கு எதுக்கும்மா வரி? நீ என்ன டத்தோவா?"
சிரித்தார். நானும் சிரித்தேன்.
அவர் மனைவி முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.
மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து
முட்டியில் வைத்தே எழுதிக் கொடுத்தார்.
நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன்.

இன்றுதான் பிரிக்கிறேன்.

சம்பளம் ஆறாயிரம் வெள்ளி. சரி.
சேமநிதி:
ஒரு கோடு.

மறதியில் விழுந்த கோடு இல்லை,
பேனா நின்று, நிதானித்து, இழுத்த கோடு.
மாதாமாதம் பழுப்பு உறையின் முதுகில்
ஆயிரத்து ஐந்நூறு எழுதி
அதன் கீழே
நூற்று அறுபத்தைந்து எழுதிக் கழித்தாரே,
நான்கு தடவை?
பத்தொன்பது வயதில்
ஐம்பத்தைந்தாவது வயதுக்கென்று
நான் கொடுத்த அறுநூற்று அறுபது.

கழிவுக் கட்டத்தில் அதைத் தட்டினேன்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அழித்தேன்.
போய்ச் சேராத பணம்
போனதாக நான் எப்படிச் சொல்ல?
தொழிற்சாலை கட்டியதை மட்டும் எழுதினேன்.

எழுதினாலும் எழுதாவிட்டாலும் விடை ஒன்றுதான்:
செலுத்த வேண்டிய வரி பூஜ்யம்.
நவம்பரில் கூடுதல் நேரம் அதிகமாகிப் பிடித்த
நாற்பத்தொரு வெள்ளி முப்பத்தைந்து சென்
எனக்கே திரும்பி வருமாம்.
அரசாங்கம் சென் வரைக்கும்
ஞாபகம் வைத்திருக்கிறது.

அனுப்பு என்பதை அழுத்தியாயிற்று.
பாக்கித் தொகைக்கு மாகி கோரெங் சொன்னேன்.

உறைகள் பைக்குள் இருக்கின்றன.
மூன்று.
நான்காவதில் பஸ் நேரம் குறித்துவைத்து
எங்கோ எறிந்துவிட்டேன்.
மூன்று போதுமா என்று
சேமநிதி அலுவலகத்தில் கேட்க வேண்டும்.
திங்கள் காலை வகுப்பு இல்லை.
பெயர், முகவரி, முதலாளியின் பெயர், அவர் முகவரி
எல்லாம் எழுதச் சொல்வார்கள்.
செந்தூல் வீட்டு எண்
எனக்கு நன்றாகவே தெரியும்.

அந்த முறுக்கு
நல்ல மொறுமொறுப்பு.
வழியில் சாப்பிட என்று
அந்த அம்மா பொட்டலம் வேறு கட்டிக் கொடுத்தார்.
தஞ்சோங் மாலிம் தாண்டுவதற்குள்
முழுக்கத் தின்று தீர்த்தேன்.