மூன்று வோல்ட்

சமையல் தராசின் பின்மூடி திறந்து கிடந்தது.
எண் காட்டாமல் ஒரு கிழமை.
"செத்துப்போச்சு" என்று நானே கழற்றி
மேசையில் வைத்த வட்டப் பற்றரியைக் காணவில்லை.

ஆதிரை எச்சில் வடித்தபடி நின்றாள்.
அழவில்லை.
அழுவதற்கும் ஒருமுறை
விழுங்க வேண்டும் போலிருக்கிறது.

நஞ்சுத் தகவல் எண்ணில் ஒரு பெண்குரல்:
ஒரு வயது தாண்டியதா, தேன் இருக்கிறதா,
பத்து நிமிடத்துக்கு இரண்டு தேக்கரண்டி,
நிற்க வேண்டாம், கொடுத்துக்கொண்டே போங்கள்.

பின்னிருக்கையில் தேன்போத்தலோடு துஷ்யந்தி.
பெண்டில் ஹில்லிலிருந்து வெஸ்ட்மீட் மட்டும்
ஐந்து சிவப்பு விளக்கு.
மூன்றில் நின்றேன்.

எக்ஸ்ரேயில் முழுநிலா.
"காசாயிருக்கும்" என்றேன், ஆசையில்.
அந்த இளம் டொக்டர் படத்தைப் பெருப்பித்தாள்.
விளிம்பைப் பாருங்கள், வளையத்துக்குள் வளையம்.
காசுக்கு ஒன்றுதான்.

நான் எலெக்ட்ரீசியன்.
பிளாக்டவுன் கூரைகளில் சூரியத் தகடு பூட்டுகிறவன்.
நானூறு வோல்ட்டுக்குக் கையுறை போடுவேன்.
தொழில் பழகின காலத்தில்
சின்னப் பற்றரியை நாக்கில் வைத்துப் பார்ப்போம்,
புளித்தால் உயிர் இருக்கு.
மூன்று வோல்ட்டை நான் ஒருநாளும்
மதித்ததில்லை.

தராசில் ஓர் எண்ணை எழுப்பக் காணாத மின்சாரம்
ஈரத் தசைக்குக்
காணும்.

குழாய் இறங்கியது. கவ்வி எடுத்தார்கள்.
வினாகிரி கலந்த நீரால் காயத்தைக் கழுவினார்களாம்.
தேன், வினாகிரி:
எங்கள் குசினி அலுமாரியின் மேல்தட்டு.

"மறைமுனை எந்தப் பக்கம் இருந்தது?"
நான் கேட்டதும் ஹான்லி நிமிர்ந்து பார்த்தார்.
முதுகுப்பக்கம் என்றார்.
முன்பக்கமென்றால் மூச்சுக்குழாய், பெருநாடி...
நல்லகாலம் என்று சொல்ல வந்து
சொல்லை விழுங்கிக்கொண்டார்.
அவருக்கு அது சுகமாய் இறங்கியது.

பிறகு தழும்பு.
தழும்பு இறுக, வழி ஒடுங்க,
மூன்று கிழமைக்கொருக்கால் உள்ளே ஒரு பலூன்.
நாலாவது முறை அவளே கேட்டாள்,
"இண்டைக்கு என்ன நிறம்?"
மயக்க மருந்துக்காரர் யோசிக்காமல் "மஞ்சள்" என்றார்.
அவருக்கு ஒரு கோயில் கட்டலாம்.

தராசு திரும்ப வேலை செய்கிறது.
புதுப் பற்றரி போட்டு, மூடிக்குத் திருகாணி இறுக்கி,
மேலே கறுப்பு டேப் மூன்று சுற்று.
துஷ்யந்தி ஒருநாளும் என்னைக் குற்றம் சொல்லவில்லை.
டேப்பின் நுனியை மட்டும்
தினமும் விரலால் அழுத்திவிடுகிறாள்.

உணவு ஆலோசகர் எழுதிவைக்கச் சொன்னார்.
குழைத்த சோறு, பருப்புத் தண்ணி.
நேற்று முப்பத்தெட்டு கிராம்.
இன்று கிண்ணத்தை வைத்துவிட்டு
எண் அசையாமல் நிற்கட்டும் என்று
மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.