நாற்பத்திரண்டு வெள்ளைகள்

செனட்டர் இடலினா பாரோஸ்
தன் கதையை எழுதிவிட்டாள்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், கெட்டி அட்டை.
ஒஹையோவில், டேட்டன் நகரத்தில்
பெயின்ட் டப்பாக்களுக்கும் ஆணிப் பெட்டிகளுக்கும் நடுவே
கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் படிக்கிறேன்.
என்னைத் தேடித்தான் படிக்கிறேன்,
மறைப்பானேன்.

அப்பா முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறார்.
கேப் வெர்டேயிலிருந்து கப்பலேறி வந்து
மாசசூசெட்ஸ் சேற்றில் மண்டியிட்டு
கிரான்பெர்ரி வாரிய தியோஃபிலோ பாரோஸ்.
முட்டிக்குக் கட்டிய சாக்குத் துணிகூட வருகிறது.
அம்மா நோரா, அயர்லாந்துக்காரி:
சர்ச்சில் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள் என்பதால்
முழு பெஞ்சும் நமக்குத்தான் என்று
கால் நீட்டிக்கொண்டவள்.
எங்கள் நாயும் வருகிறது.
நாய்க்குப் பேர் இருக்கிறது.

பக்கம் அறுபத்தொன்று:
"எனக்கு ஓர் அண்ணன் இருந்தான்.
பனிக்காலத்தில் பஸ் ஏறிப் போனான்."
அவ்வளவுதான்.
இருந்தான்.
மூச்சோடு இருப்பவனுக்கு
இறந்தகாலம்.

பேரைப் போடாதது என்னைக் காப்பாற்றவா,
கழித்துக்கட்டவா?
கேட்டிருந்தால் போடாதே என்றுதான் சொல்லியிருப்பேன்.
கேட்டிருக்கலாம்.

கணக்கெடுப்புக்காரர் வந்த நாளை அவள் எழுதவில்லை.
அவளுக்கு மூன்று வயது, எனக்கு ஆறு.
தொப்பியைக் கழற்றாமல் வாசலில் நின்றார் மனிதர்.
அப்பாவைப் பார்த்தார், எழுதினார்.
அம்மாவைப் பார்த்தார், அப்பாவை மறுபடி பார்த்தார், எழுதினார்.
இடலினாவுக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது.
என்னிடம் வந்தபோது பென்சில் நின்றது.
முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்,
சந்தையில் முலாம்பழம் பார்க்கிறவர் போல.
பிறகு என்ன எழுதினாரோ தெரியாது.
நின்ற அந்தப் பென்சிலுக்குள்தான்
இவ்வளவு காலமும் குடியிருந்தேன்.

பாரோஸின் கடைசி எழுத்தை
பஸ்ஸிலேயே உதிர்த்தேன். பாரோ ஆனேன்.
ஒரு புள்ளி வைத்த எழுத்து. எடையே இல்லை.

என் கடையில் வெள்ளை நிறத்தில் மட்டும் நாற்பத்திரண்டு வகை.
முட்டை ஓடு, பழைய லேஸ், மோர், காலைப் பனி.
வெறும் வெள்ளை என்று ஒன்றைக்கூட
கம்பெனிக்காரன் அச்சடிக்கவில்லை.
போன வாரம் ஸ்டோட்மையர் அட்டையைப் புரட்டியபடியே
டிவியில் பார்த்த அந்த செனட்டரைப் பற்றி
ஒரு வார்த்தை சொல்லிச் சிரித்தார்.
மோர் நிறத்தில் இரண்டு காலன் கலக்கிக் கொடுத்தேன்.
மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தேன்.
பூசுவதும் மெழுகுவதும்தானே என் தொழில்.

நடுவில் வழவழப்பான தாளில் படங்கள்.
நான்கு வயது இடலினா, ஈஸ்டர் கவுன்.
இடப்பக்கம் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.
ஆனால் அவள் தோளில் ஒரு கை மட்டும் தங்கிவிட்டது.
கட்டை விரல் கோணல்.

கொலம்பஸுக்குக் கையெழுத்து போட வருகிறாள் என்று
பேப்பரில் பார்த்தேன்.
மனைவியிடம் குழாய்ச் சாமான் வாங்கப் போகிறேன் என்றேன்.
வரிசை நீளம். ஒன்றரை மணி நேரம்.
"யார் பேருக்கு எழுத?"
தலை நிமிராமல் கேட்டாள்.
அம்மாவின் குரல், அப்பாவின் நெற்றி.
வாயைத் திறந்தேன்.
பாரோவும் வரவில்லை, பாரோஸும் வரவில்லை.
மேஜை விளிம்பில் என் கைதான் இருந்தது.
தான் ஆடாவிட்டாலும்
தசை ஆடியது.

அவள் பேனா நின்றது.
அப்படி நிற்பது எனக்குத் தெரியும்.

பின்னால் ஒரு பெண் இருமினாள்.
அவள் பக்கங்களைத் தள்ளினாள், ஏதோ கிறுக்கினாள்,
மூடி நீட்டினாள்.
"அடுத்தவர்."

வண்டியில் ஹீட்டர் சூடேறும்வரை காத்திருந்து திறந்தேன்.
முதல் தாளில் கையெழுத்து இல்லை.
அறுபத்தொன்றில் ஒரு சொல்லை அடித்து
மேலே நீல மையில்:
இருக்கிறான்.

ஒரே ஒரு பிரதியில்.
மற்றதிலெல்லாம் இன்னும் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறேன்.
புத்தகம் கல்லாவுக்குக் கீழே,
நிற அட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது.
குழாய்ச் சாமான் எங்கே என்று கேட்டாள் மனைவி.