அழுத்த வரும், எடுக்க வராது

படிக்கட்டில் கடந்தபோது அவள் மூச்சில்
அழுகிய பேரிக்காய் வாசனை.
குடித்திருக்கிறாள் என்று நினைத்தேன்.
இரவு என் தலைக்கு மேலே ஏதோ விழுந்தது.
ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

பதினோரு மணி நேரம்
குளியலறை வாசற்கல்லில் இடது முழங்கால் அழுந்தக் கிடந்தாள்
போகுமிலா, டிராம் ஓட்டுநர்,
இந்த வூச் நகரத்தில் ஒரு நாளும் தாமதமாய் வேலைக்குப் போகாதவள்.
டிப்போவிலிருந்துதான் தேடி வந்தார்கள்.
சர்க்கரை அளக்கும் கருவி
எண்ணைக் காட்ட மறுத்துவிட்டதாம்.
குடித்ததெல்லாம் தண்ணீர். குடம் குடமாய்த் தண்ணீர்.

ரத்தம் தெளிந்தது. கண் விழித்தது.
கால் விழிக்கவில்லை.
முழங்காலுக்குக் கீழே, வெளிப்புறம், ஓர் எலும்பு முடிச்சு;
அதை ஒட்டித்தான் அந்த நரம்பு போகிறது
தோலுக்கு அடியிலேயே, காவலில்லாமல்.
சர்க்கரையில் ஏற்கெனவே நைந்தது.
மீதியை வாசற்கல் பார்த்துக்கொண்டது.

"அழுத்த வரும், எடுக்க வராது" என்றாள்
தபால் பெட்டியருகே, பாதத்தைக் காட்டி.
டிராம் பெடலுக்கு இரண்டும் வேண்டும்.

நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளருமாம் நரம்பு.
அவளே கணக்குப் போட்டாள், கால அட்டவணைக்காரி அல்லவா:
முடிச்சிலிருந்து பெருவிரல் நாற்பது சென்டிமீட்டர்,
நானூறு நாள், அதுவும் வண்டி எங்கும் நிற்காமல் போனால்.
மரத்துப்போன கால்தானே,
மரமென்றால் துளிர்க்கும் என்று
சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

செவ்வாய், வெள்ளி இரெனேயுஷ் வருகிறான்,
பிசியோதெரபி முடித்த பையன், தோளில் ரப்பர் பட்டை.
துண்டை விரலால் சுருட்டு. கோலிக்குண்டைப் பொறுக்கு.
மின்சாரம் வைத்தால் பாதம் துள்ளுகிறது.
"அது உன் பெட்டி, நானில்லை" என்று திட்டுகிறாள்.
இரவில் போர்வை உரசினால் கண்ணாடித்தூளாம்.
அழுவதில்லை; கெட்ட வார்த்தைதான், சுத்தமான உச்சரிப்பில்.
எல்லாம் கேட்கிறது எனக்கு.
இப்போதெல்லாம் ரேடியோ போடுவதில்லை.

டொக், சளப். டொக், சளப்.
வலது கால் நடக்கிறது, இடது தரையை அறைகிறது.
அடுப்பிலிருந்து ஜன்னல் வரை பதினான்கு.
எண்ணிக்கொண்டே தூங்கியும் இருக்கிறேன்.

நேற்று, பனி சேறாகிக்கொண்டிருந்த மாலையில்,
டொக், சளப். டொக், சளப். டொக்,
டொக்.

சூப் கரண்டியோடு நின்றேன்.
மேலே அவளும் நின்றிருக்க வேண்டும்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு சளப்.

விழுந்த சத்தம் கேட்டது என்று
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.
அவள் கதவுக்குப் பதினேழு படி.
நேற்று ஆறு ஏறினேன்.