உள்மடிப்பு

மற்றப் பிள்ளைகளுக்குத்
தையலைப் பிரித்துப் பிரித்து விடுவேன்,
வருஷத்துக்கு இரண்டு விரல்.
அதற்கென்றே உள்ளே துணி மடித்துவைப்பது
அரண்மனைத் தையற்காரிகளின் வழக்கம்.
இளவரசி உல்ரிகாவுக்கு மட்டும்
பிடித்துக்கொண்டே வந்தேன்.

பால்டிக் கரையில் எங்கள் சிற்றரசு.
நல்ல குதிரை என்றால்
மதியத்துக்குள் சுற்றி வந்துவிடலாம்.
அவள் பிறந்த இரவு
மருத்துவச்சிக்கு முன்னால் பாதிரியார் வந்தார்.
அவசரத்தில் ஐந்து பெயர் வைத்தார்.
ஐந்தையும் சுமக்க அந்த உடம்பில் இடமேது என்று
சமையற்கட்டில் பேசிக்கொண்டோம்.
சாகவில்லை.
அதுவே ஒரு சங்கடமாகப் போயிற்று:
செய்துவந்த சின்னச் சவப்பெட்டியைத்
தச்சன் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றான்.
குளிர்காலத்துக்கு அதில் ஆப்பிள் வைத்தோம்.

எட்டு வயதில் இருமல்.
செவ்வாய்க்கு அட்டை, வெள்ளிக்குக் கத்தி.
வைத்தியர் ஹெல்விக்
கிண்ணத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
"கெட்ட ரத்தம் இன்னும் இருக்கிறது" என்பார்.
நல்லது எவ்வளவு மிச்சம் என்று
அவரிடம் யார் கேட்பது?

கழுதைப் பாலில் தேறுவாள் என்றார்கள்.
கல் பாவிய முற்றத்தில்
ஒரு பெட்டைக் கழுதை வந்து நின்றது.
கருவூல அமைச்சரின் பெயரை அதற்கு வைத்தாள்.
அவர் முற்றத்தைக் கடக்கும்போதெல்லாம்
மாடியிலிருந்து கூப்பிடுவாள்:
"ட்ரெஸ்டோவ்!"
இரண்டு பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

பதின்மூன்றில் நிச்சயம்.
நாணயம் அளவுத் தந்தத் துண்டில்
மாப்பிள்ளையின் முகம் வந்தது.
பதிலுக்கு இவள் முகம் போகவேண்டும்.
ஓவியர் கன்னத்துக்குச் சிவப்பைக் குழைத்தார்.
"மாலை நாலு மணிக்குமேல் வாருங்கள்,
காய்ச்சல் ஏறியிருக்கும்,
நீங்கள் பொய் சொல்லவேண்டாம்" என்றாள்.
அப்படியே வந்தார்.
படம் அச்சு அசல்.

கல்யாண உடை என் பொறுப்பு.
பால்நிறப் பட்டு, வெள்ளிச் சரிகை.
ஏழு முறை அளவெடுத்தேன்.
ஏழு முறையும் பிடித்தேன்.
குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டுதான்
அவள் முன்னால் மண்டியிடுவேன்.
வாயில் ஊசி இருந்தால்
எதற்கும் பதில் சொல்லவேண்டாம்.

"மெட்டா, உள்ளே போகிற துணியெல்லாம்
என்ன ஆகும்?"
ஊசிகளைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னேன்:
உள்ளேயேதான் இருக்கும். வெட்டுவதில்லை.
"எவ்வளவு சேர்ந்திருக்கிறது?"
பக்கத்துக்கு ஆறு விரல்.
"அப்படியானால் நான் குண்டுதான்" என்று
இருமல் வரும்வரை சிரித்தாள்.

ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தெட்டு,
பிப்ரவரி.
கோயில் மணியின் கயிறு பனியில் விறைத்திருந்தது.
அவள் போய் அரை மணி கழித்துத்தான்
ஊருக்குத் தெரிந்தது.
கழுதைக்காரனுக்கு யாரும் சொல்லவில்லை.
பத்து நாள்
வெதுவெதுப்பான பால் மாடிப்படி ஏறி வந்தது.
பத்து நாளும் வாங்கி,
பூனைக்கு ஊற்றினேன்.

ஒப்பந்தப் பத்திரத்தில்
"இளவரசி" என்று மட்டும்தான் இருந்ததாம்.
எந்த இளவரசி என்று எழுத மறந்திருந்தார்கள்.
அல்லது மறக்கவில்லை.
தங்கை கரோலினாவுக்குப் பூரித்த தோள்,
மூன்றாம் வீட்டுக்குக் கேட்கிற குரல்.
உடையைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

பிரித்தேன்.
இந்தப் பக்கம் ஆறு விரல், அந்தப் பக்கம் ஆறு விரல்.
வெளிச்சமே படாத பட்டு
மற்றதைவிட வெள்ளையாக இருந்தது.
பழைய தையலின் ஊசித்துளைகள் மட்டும் போகவில்லை.
ஆவி காட்டினேன். நகத்தால் நீவினேன்.
ஏழு வரிசை,
இடுப்பை நோக்கி நெருங்கிக்கொண்டே வந்தவை.

சரிகை வைத்து மறைக்கச் சொன்னார்கள்.
ஆறை மறைத்தேன்.
ஏழாவதுக்குச் சரிகை போதவில்லை என்று
கணக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

போதும் அளவு இருந்தது.