அவசரத் தொடர்பு

மில்டூரா கண்காட்சித் திடலில்
ஆட்டுக் கொட்டகைக்கும் உருளை வறுவல் கடைக்கும் நடுவே
லாரியிலிருந்து இறக்கி
நான்கு மணி நேரத்தில் பூட்டிவிடுவோம் எங்கள் காற்றை.
அடியில் டீசல் எஞ்சின். அதன்மேல் ஆளுயர விசிறி.
விசிறிக்கு மேல் வலை. சுற்றிலும் காற்றடைத்த மெத்தை.
வானத்தை மட்டும் நாங்கள் ஏற்றிவருவதில்லை.
அது எல்லா ஊரிலும் முன்பே வந்து நிற்கும்.

பறப்பவரைப் பிடித்துத் திருப்புவது கெய்லியின் வேலை.
விசைப்பிடி என்னுடையது.
நான் கேட்பது ஒன்றே ஒன்று:
எடை?

எடையில் எல்லாரும் பொய் சொல்கிறார்கள்.
கசாப்புக்கடை ராஸ் எண்பத்தைந்து என்று எழுதினார்.
எண்பத்தைந்துக்கு உரிய காற்றைக் கொடுத்தேன்.
கரையேறிய கடல்சிங்கம்போல
வலையில் குப்புறக் கிடந்தார்.
வரிசையில் அவர் மகள்கள், கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி.
யாரும் பார்க்காத ஒரு விரலசைவில்
இருபது கிலோ கூட்டினேன்.
எழும்பினார். ஏதோ கத்தினார்.

அந்த இரைச்சலில் எந்த வாயும் ஊமைதான்.
அதனால் கையால் பேசுகிறோம்.
இரண்டு விரல் நீட்டினால், காலை நீட்டு.
இரண்டும் மடிந்தால், முழங்காலை மடி.
ஒரு விரல் மேல்நோக்கினால், முகவாயை உயர்த்து.
கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரித்து ஆட்டினால்
தளர்ந்திரு.
கடைசியானது யாருக்கும் சுலபத்தில் வருவதில்லை.

ஞாயிறு மாலை,
கொரெல்லாக் கிளிகள் மரங்களுக்கு வெள்ளையடிக்கும் நேரம்,
டீசல் கால் தொட்டிக்கும் கீழே இறங்கியிருந்தபோது
ஒருவன் வந்தான். காலணியில் ஆரஞ்சுத் தோட்டத்துப் புழுதி.
என் பெயர்ப் பட்டையை இரண்டு முறை வாசித்தான்.
"அக்கா, நீங்கள் தமிழோ?"

துவாரகன். அறுபத்தொரு கிலோ.
"சரியா அறுபத்தொண்டு.
பழம் நிறுக்கிற தராசில ஏறிப் பாத்தனான்."
மூன்று நாளில் நான் கேட்ட முதல் உண்மை.

படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.
அவசரத்துக்கு யாரைக் கூப்பிட?
மை தீர்ந்துவிட்டதுபோலப்
பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"இது தேவையோ அக்கா? பன்னிரண்டு அடிதானே."
கட்டாயம், என்றேன்.
கொஞ்சம் பொறுத்து, என் எண்ணைச் சொன்னேன்.
எழுதினான். பக்கத்தில் உறவு என்ற கட்டத்தையும்
கையால் மறைத்துக்கொண்டு நிரப்பினான்.

சட்டைப்பையைக் காலி செய்யச் சொன்னோம்.
பழம் கொய்யும் கத்தரி, ஒற்றைச் சாவி,
தோலில் ஒட்டும் ஸ்டிக்கர்ச் சுருள்,
மடித்து மடித்து ஓரம் நைந்த
உள்துறை அமைச்சகக் கடிதம்.
தட்டில் வைத்தான்.
பறந்துவிடக் கூடாதென்று
கடிதத்தின்மேல் சாவியை வைத்தான்.

நாம் காற்று வாங்குவதுதான் வழக்கம்.
சாய்ந்ததும் காற்று அவனை வாங்கிக்கொண்டது.
முதல் அரை நிமிடம் எதையோ பிடிக்கத் தேடினான்,
ஓடும் பேருந்தில் கம்பி தேடுவதுபோல.
கெய்லி கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரித்து ஆட்டினாள்.
ஆட்டிக்கொண்டே இருந்தாள்.
சட்டென்று கைகள் அவிழ்ந்தன.
கன்னம் அலையடிக்க, வாய் திறந்து,
கொட்டகைக் கூரைக்கு அப்பால் எதையோ
பார்த்தபடி கிடந்தான்.

இரண்டு நிமிடம் முடிந்தது.
டீசல் முதலாளியுடையது.
இன்னும் நாற்பது நொடி கொடுத்தேன்.

இறங்கியதும் கேட்டான்:
"மேல நிக்கேக்க என்ர எடை எவ்வளவு?"
அதே அறுபத்தொண்ணு, ஒரு கிராம்கூடக் குறையலை, என்றேன்.
"அப்ப நல்ல எஞ்சின்," என்றான்.

இரவு வலையைச் சுருட்டும்போது
படிவங்களை எண்ணிக்கொண்டிருந்த டேரன் வெடித்துச் சிரித்தார்.
உறவு என்ற கட்டத்தில்
கட்டை எழுத்தில்: ஃபேன்.
உனக்கொரு விசிறி, என்றார்.
கையில் கிரீஸோடு
அந்த இன்னொரு விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
எந்த விசிறி என்று நான் திருத்தவில்லை.

நாளை ஸ்வான் ஹில். இருநூற்றிருபது கிலோமீட்டர்.
பின்னால் தார்ப்பாய்க்குள் காற்று
அசையாமல் வருகிறது.
கைப்பேசியை
மௌனத்திலிருந்து எடுத்துவிட்டேன்.