ஜால்ரா

இங்கே டிசம்பர் வியர்க்கும்.
மொந்தேவிதேயோவில் இருட்டவே ஒன்பதாகும்.
பந்துருட்டுக் கழகத்தின் பின்கட்டில்
நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு
பதினேழு பேர் நின்று பாடுகிறோம்.
கார்னிவலுக்கு இன்னும் ஏழு வாரம்.

பாடுகிறார்கள் என்று சொல்ல வேண்டும்.
நான் பாடுவதில்லை. என் வேலை ஜால்ரா.
சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள்.
எந்த அமைச்சருக்கும் அல்ல,
எல்பியோவின் பெரிய முரசுக்கு.
அவன் அடி விழுகிற இடத்தில்
என் பித்தளைத் தட்டுகள் இரண்டும் உரச வேண்டும்.
அரை இமைப்பொழுது பிந்தினால்
பதினாறு தலைகள் திரும்பும்.

நவம்பரின் கடைசி ஞாயிறிலிருந்து
எல்பியோவும் நானும் பேசிக்கொள்வதில்லை.
அவன் ஒரு பக்கம் ஓட்டுப் போட்டான், நான் ஒரு பக்கம்.
இருபது வருடமாக அப்படித்தான். அது காரணமில்லை.
முடிவு வந்த இரவு
கடைசி நடைப் பேருந்தை என் வீட்டுவழி ஓட்டிப் போனவன்
ஹாரனை மூன்று முறை அழுத்தினான்.
வழக்கமாக ஒன்றுதான்.
மிச்சம் இரண்டையும்
மென்றுகொண்டிருக்கிறேன் இன்னும்.

ஒத்திகையில் வேறு வழியில்லை.
அவன் கையைப் பார்க்காமல் என்னால் அடிக்க முடியாது.
முகத்தை விட்டுவிட்டு
மணிக்கட்டை மட்டும் பார்க்கப் பழகியிருக்கிறேன்.
கடிகாரத்துக்குப் புது வார் போட்டிருக்கிறான்.
எப்போது என்று கேட்கவில்லை.

எங்கள் பாட்டை எழுதுவது நிபியா,
பகலில் பள்ளிக்கூடச் சமையல்காரி.
துறைமுக அமைச்சரைப் பற்றி எட்டு வரி,
வரிக்கு வரி அவர் தொப்பையும் எதுகையும்,
அக்டோபர் முழுக்க உட்கார்ந்து எழுதியது.
போன செவ்வாய் அவர் ராஜினாமா செய்துவிட்டார்.
“இன்னும் ஏழு வாரம் பொறுத்தால் என்ன கெட்டுப்போகும்
இந்த மனுஷனுக்கு” என்று அழாத குறை.
புதியவரின் பெயருக்கு எதுகையே கிடைக்கவில்லை,
ஒரு மூட்டுவலித் தைலத்தைத் தவிர.
அரசியலில் நமக்கு நஷ்டம் எட்டு வரிதான் என்று
யாரோ சொல்ல, சிரித்தோம்.
வால்தெமார் சிரிக்கவில்லை.
துறைமுகத்தில் அவன் வேலை போய் நாற்பது நாள்.
சுருதி கொடுக்க அவன் கிதாரை எடுத்ததும்
எல்லோரும் தொண்டையைச் செருமிக்கொண்டோம்.

சனிக்கிழமை ஆட்டம்.
ஜெயித்திருந்தால் முதல் பிரிவு.
எங்கள் கழகம் அங்கே கடைசியாக ஆடியபோது
எனக்குப் பால்பல் விழவில்லை.
கிழக்கு மூலையில், விளக்குத் தூணடியில்,
எனக்கும் எல்பியோவுக்கும் நிற்கும் இடம் ஒன்றே.
விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை.
எண்பத்தெட்டாம் நிமிடம் பெனால்ட்டி.
முன்னால் நின்றவர் செருப்பைக் கழற்றி
நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.
ரொப்பெத்தியின் பையன் உதைத்தான்.
கோல் கம்பத்தில் பட்டது.
சுத்தமான, தாளம் தப்பாத ஓர் அடி.
எங்கள் இருவர் கையும்
ஒரே நேரத்தில் துடித்ததைப் பார்த்தேன்.

வெயில் சாயும்வரை யாரும் கிளம்பவில்லை.
எல்பியோ வெந்நீர் பிளாஸ்கைத் திறந்தான்,
மாத்தே ஊற்றினான், முதலில் தான் குடித்தான்,
அடுத்ததை, என்னைப் பார்க்காமல், நீட்டினான்.
உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.
இந்த ஊரில் அந்தச் சுரைக்குடுவையைக் கொடுக்கும்போது
நன்றி என்று சொன்னால்
போதும், இனி வேண்டாம் என்று பொருள்.
நான் நன்றி சொல்லவில்லை.
ஐந்து முறை வந்தது. கசப்பெல்லாம் கழுவிப் போய்
வெறும் வெந்நீரான பிறகும் வந்தது.

வருடத்தின் கடைசி வேலைநாள்
பழைய நகரத்து அலுவலகங்களில்
நாட்காட்டியைக் கிழித்து ஜன்னல் வழியே எறிவார்கள்.
நோட்டரி அலுவலகத்தின் மூன்றாம் மாடியிலிருந்து
நானும் எறிந்தேன், மார்ச்சை முதலில்,
ஏனென்று தெரியாது. பிறகு மற்றவை.
நவம்பரைக் கசக்கினேன். கசக்கினால் மிதக்காது,
கல் மாதிரி இறங்கிவிடும் என்று
மறுபடி விரித்துவிட்டேன்.
கீழே கணுக்காலளவு காகிதம்.
தெருமுனையில் எல்பியோவின் பேருந்து
வைப்பரைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வந்தது,
பொட்டு மழையில்லாத வெயிலில்.
ஹாரன் அடித்தானா தெரியவில்லை.
அன்று தெருவில் எல்லோருமே அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இறங்கி நடக்கையில்
செருப்பில் ஒட்டிய தாளை எடுத்துப் பார்த்தேன்.
ஜூலை ஒன்பது. யாரோ, பச்சை மையில்:
பல் டாக்டர், நாலு மணி. பயப்படாதே.
பையில் வைத்துக்கொண்டேன்.
எட்டு மணிக்கு ஒத்திகை.
ஐஸ் வாங்கும் முறை என்னுடையது.
நிபியா செய்தி அனுப்பியிருந்தாள்,
தைலத்தையே வைத்துவிடலாமாம்.